நாலு மணி வடையிலிருந்து தொடங்குங்கள்

மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு ரப்பர் உதிரிபாகக் கம்பெனியில் எச்.ஆர். பார்க்கிறேன். எச்.ஆர். என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மொத்தமே அறுபது பேர். சம்பளப் பட்டியல் போடுவதும் நான், இ.எஸ்.ஐ. அட்டைக்கு அலைவதும் நான், தண்ணீர் லாரி வராவிட்டால் போன் போட்டுக் கத்துவதும் நான்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் முதலாளி, "நம்மாளுக எல்லாருக்கும் தொப்பை விழுந்துருச்சு, பி.பி. மாத்திரை வேற போடுறாங்க, ஏதாவது பண்ணுங்க தம்பி" என்றார். பண்ணினேன். பொங்கல் முடிந்த கையோடு எடை குறைப்புப் போட்டி ஒன்று, மூன்று மாதத்தில் அதிகம் குறைப்பவருக்கு ஐயாயிரம் ரூபாய். மன அழுத்தத்துக்கு என்று தனியாகச் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு யோகா. இரண்டுமே படுத்துவிட்டன.

ஜெயித்தவர் ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுத்தான் ஜெயித்தார், சித்திரைத் திருவிழா முடிவதற்குள் இறங்கியதெல்லாம் திரும்ப ஏறிவிட்டது. யோகாவுக்கு வந்த ஏழு பேரும் மூச்சை இழுத்தபடியே திருமங்கலம் பஸ்ஸை நினைத்துக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் விட மோசம், எடை மெஷினைக் கேன்டீன் வாசலில் வைத்து, வந்த எடையைப் போர்டில் வேறு எழுதினேன். அக்கவுண்ட்ஸில் இருக்கும் அக்கா ஒருவர் மறுநாளிலிருந்து கேன்டீன் பக்கமே வரவில்லை, டிஃபன் பாக்ஸைத் தன் மேஜையிலேயே திறந்து சாப்பிட்டார். அது ஏன் என்று எனக்கு உறைக்கவே இரண்டு மாதம் ஆனது.

அதற்குப் பிறகு தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். உங்களுடையது ஜவுளிக்கடையோ, பிரஸ்ஸோ, இலந்தைக்குளம் பக்கம் ஒரு சாஃப்ட்வேர் ஆபீஸோ, அளவு மாறும், வழி மாறாது.

ஏன் எடையையும் மன அழுத்தத்தையும் ஒன்றாகப் பிடிக்க வேண்டும்

எங்கள் டிஸ்பாட்ச் ஆட்கள் நாலு மணிக்கு கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்று இரண்டு வடை சாப்பிடுவார்கள். பசியா? மதியம் ஒன்றரைக்குத்தான் வயிறு முட்டச் சாப்பிட்டிருப்பார்கள். சூப்பர்வைசர் கண்ணில் படாமல் பத்து நிமிஷம் நிற்க அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும், அந்த இடத்துக்கு வாடகை இரண்டு வடை. நான் முதல் வருஷம் "வடையை விடுங்கள்" என்று நோட்டீஸ் ஒட்டினேன். வடையை விடு என்றால் அந்தப் பத்து நிமிஷத்தையும் விடு என்றுதானே அர்த்தமாகிறது, யார் கேட்பார்கள்?

உடம்புக்குள் நடப்பதும் இதற்கு ஒத்துத்தான் போகிறது. நெருக்கடி நாள்கணக்கில் நீண்டால் கார்டிசால் என்ற ஹார்மோன் இறங்காமலே நிற்கிறது. அது இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் தேட வைக்கிறது, கொழுப்பை வயிற்றைச் சுற்றிச் சேர்க்கிறது. அப்புறம் தூக்கம் கெடுகிறது. தூக்கம் குறைந்தால் பசியைக் கிளப்பும் கிரெலின் ஏறும், போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்கும். ஆகவே மாதக் கடைசியில் பத்து நாள் ஓ.டி. பார்த்தவனுக்கு "வாயைக் கட்டு" என்று புத்தி சொல்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் சுமார் 40 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் எடை கூடியவர்கள். இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் வாய்க்கட்டுப்பாடு போய்விட்டது என்றா சொல்வது?

முதலாளியிடம் என்ன பேசுவது

இங்கேதான் பலர் தப்பு செய்கிறார்கள். "சார், இதைச் செய்தால் லீவு குறையும், மருத்துவச் செலவு மிச்சமாகும்" என்று ஆசை காட்டாதீர்கள். அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் 2016இல் கிட்டத்தட்ட 5,000 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் இப்படி ஒரு திட்டம் நடத்திப் பார்த்தார்கள். மருத்துவச் செலவு குறையவில்லை. திட்டத்தில் ஆர்வமாகச் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே ஆரோக்கியமாக இருந்தவர்கள் என்பதுதான் தெரிய வந்தது. 2019இல் வெளியான இன்னொரு ஆய்வில், 160 கிளைகள் கொண்ட ஒரு மொத்த விற்பனை நிறுவனத்தில் 20 கிளைகளில் 18 மாதம் நடத்தினார்கள். உடற்பயிற்சி செய்கிறோம், எடையைக் கவனிக்கிறோம் என்று சொன்னவர்கள் கூடினார்கள், ஆனால் எடை, ரத்த அழுத்தம், கொழுப்பு எதுவும் மற்ற கிளைகளைவிட மாறவில்லை. வகுப்பும் நோட்டீஸும் அறிவுரையும் மட்டும் கொடுத்து, வேலை நடக்கும் விதத்தை அப்படியே விட்டால் இவ்வளவுதான் கிடைக்கும் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அதனால் பணம் கேட்காதீர்கள், நேரம் கேளுங்கள். நான் மூன்று கேட்டேன். காலையும் மாலையும் டீக்குப் பதினைந்து நிமிஷம், அந்த நேரத்தில் யாரையும் கூப்பிடக் கூடாது. மாலை ஐந்து மணிக்கு மேல் வந்த ஆர்டர் மறுநாள்தான் லோடு ஏறும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் வாட்ஸ்அப் குரூப்பில் வேலை விஷயம் வரக் கூடாது. முதலாவதற்கு உடனே சரி என்றார். மூன்றாவதற்கு முணுமுணுத்துக்கொண்டே சரி என்றார், ஏனென்றால் குரூப்பில் அதிகம் எழுதுவதே அவர்தான். இரண்டாவதற்கு ஏழு மாதம் ஆனது. கிடைத்ததை வைத்துத் தொடங்குங்கள். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து சொன்னதை ஒரு தாளில் அச்சடித்து அவர் மேஜையில் வைத்தேன், அது கொஞ்சம் வேலை செய்தது.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் செய்யாதீர்கள்

பாருங்கள், அவ்வளவுதான். யார் எத்தனை மணிக்கு வெளியே போகிறார்கள், எந்தத் தேதியில் சத்தம் கூடுகிறது, யார் மதியம் சாப்பிடாமல் மூன்று மணிக்குச் சாப்பிடுகிறார்கள். அப்புறம் ஒரு தாள் கொடுங்கள், மூன்றே கேள்வி: நாளில் எந்த நேரத்தில் தலை வெடிக்கிறது, அந்த நேரத்தில் என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள். பெயர் வேண்டாம். எழுதவும் சொல்லாதீர்கள், டிக் அடிக்கிற மாதிரி கட்டம் போட்டுக் கொடுங்கள். சின்னக் கம்பெனியில் எல்லார் கையெழுத்தும் எல்லாருக்கும் தெரியும், எழுதச் சொன்னால் பொய்தான் வரும். கடைசியில், வேலைக்கு வெளியே உங்களை அதிகம் வாட்டுவது எது என்று இன்னொரு கட்டம் வைத்தேன், அதன் கதையைப் பிறகு சொல்கிறேன்.

எங்களுக்கு வந்த தாள்களில் மூன்றரையிலிருந்து ஐந்து வரை டிக் குவிந்து கிடந்தது. ஆகவே அங்கிருந்து தொடங்கினோம்.

டீ

ஒரு ஸ்பூன் சீனி சுமார் 5 கிராம், 20 கலோரி. கடை டீயில் இரண்டு ஸ்பூனுக்குக் குறைந்து போடுவதில்லை. நாளைக்கு ஐந்து டீ குடிப்பவர் டீயிலேயே 50 கிராம் சீனி சாப்பிட்டுவிடுகிறார். 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இந்தக் கணக்கை ஷாப் ஃப்ளோரில் சொன்னபோது யாரும் நம்பவில்லை, பத்து ஸ்பூன் சீனியை ஒரு கிண்ணத்தில் கொட்டிக் காட்டினேன், அன்றைக்குத்தான் பேச்சு நின்றது.

டீயை நிறுத்தச் சொல்லாதீர்கள், இது மதுரை. டீ மாஸ்டரிடம் போய்ப் பேசுங்கள். சீனி போடாமல் கேனில் அனுப்புங்க அண்ணே, சீனியைத் தனி டப்பாவில் வைத்துவிடுகிறோம் என்று சொன்னோம். தானாகப் போட்டுக்கொள்ளும்போது பாதிப் பேர் ஒரு ஸ்பூனோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கூடவே தட்டில் சுண்டல், அவித்த நிலக்கடலை, சீசனுக்கு ஏற்றபடி கொய்யா, வெள்ளரிப்பிஞ்சு, தை மாதம் பனங்கிழங்கு. வடைக்குத் தடை போடவில்லை, புதன்கிழமை வடை நாள். பருத்திப்பால் சத்தானதுதானே என்று ஒருவர் வாதாடினார். சத்துதான், ஆனால் அதில் விழுகிற வெல்லத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஜிகர்தண்டாவைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

உண்மையில் முக்கியம் தட்டில் இருப்பது அல்ல. அந்தப் பதினைந்து நிமிஷத்தில் சூப்பர்வைசர் அங்கே வரக் கூடாது, டார்கெட் பேசக் கூடாது. டீ குடித்த பிறகு கேட் வரை நடந்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது. வடைக்குக் கொடுத்த வாடகையை நாம் கொடுத்துவிட்டோம், அவ்வளவுதான் தந்திரம்.

மதியச் சாப்பாடு

சோற்றைப் பாதியாக்கு, சிறுதானியம் கொண்டு வா என்று சொல்வது சுலபம். அந்த டிஃபன் பாக்ஸை விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து கட்டுவது வீட்டில் ஒரு பெண். அவருக்கு நாம் ஒரு வேலை கூட்டுகிறோம் என்பது எனக்கே என் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. அதனால் நாங்கள் டிஃபன் பாக்ஸை விட்டுவிட்டு, கம்பெனி பங்குக்கு ஆளுக்கொரு அவித்த முட்டை, சைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சுண்டல், எல்லாருக்கும் ஒரு காய்ப் பொரியலும் மோரும் என்று வைத்தோம். முட்டையில் 6 கிராம் புரதம், 70 கலோரிதான். முட்டையும் காயும் தட்டில் விழுந்ததும் சோறு தானாகக் குறைந்தது. உருளைக்கிழங்கு வறுவலை மட்டும் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள்.

உட்கார்ந்து சாப்பிட அரை மணி நேரம் இருக்க வேண்டும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவேளை இல்லாமல் வேலை வாங்கக் கூடாது, குறைந்தது அரை மணி விட வேண்டும் என்று 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. கடைகளில் இன்னும் மோசம். என் அத்தை மகள் மாசி வீதிப் பக்கம் ஒரு துணிக்கடையில் நின்றபடியே பத்து மணி நேரம் வேலை பார்த்தவள், சாப்பிடப் பத்து நிமிஷம், வீட்டுக்கு வந்ததும் பசியில் கையில் கிடைத்ததையெல்லாம் சாப்பிடுவாள், கால் வலியில் தூக்கமும் வராது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் செய்த திருத்தத்தின்படி ஊழியர் உட்கார இருக்கை போட்டே ஆக வேண்டும். நீங்கள் கடை நடத்துகிறவர் என்றால், யோகா வகுப்பு எல்லாம் அப்புறம், முதலில் ஸ்டூல் வாங்கிப் போடுங்கள்.

அளப்பது

எடை மெஷினைப் பொது இடத்தில் வைக்காதீர்கள் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டியதில்லை. போட்டி வேண்டாம், பரிசு வேண்டாம். இடுப்பு அளக்கும் டேப்பே போதும்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ. பார்க்கிறவர்கள் 25 வரை பரவாயில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள், நம் நாட்டு உடம்புக்கு 23லேயே அதிக எடை, 25இல் உடல் பருமன். பார்க்க ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்னால் வருகிறவர்கள் நம் ஊரில் நிறைய.

தனி அறை, ஒரு நர்ஸ், அளவை அவரவர் சீட்டில் எழுதி அவரவர் கையிலேயே கொடுப்பது. அந்த அளவு எனக்கு வேண்டாம், முதலாளிக்கு நிச்சயமாக வேண்டாம். பி.பி.யும் சுகரும் பார்க்கத் தமிழக அரசின் தொழிலாளரைத் தேடி மருத்துவம் இருக்கிறது, பணியிடத்துக்கே வந்து பார்க்கும் திட்டம், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். இ.எஸ்.ஐ. இருப்பவர்களுக்குத் தத்தனேரி ஆஸ்பத்திரி இருக்கிறது. சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூட விடக் கூடாது, இதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். எடை குறைக்கும் பவுடர் விற்கிறவர்கள் "இலவசப் பரிசோதனை" என்று கேன்டீனுக்குள் வரப் பார்ப்பார்கள், கேட்டிலேயே திருப்பி அனுப்புங்கள். இலக்கு கேட்பவர்களிடம் 5 சதவீதம் என்று சொல்லலாம். 80 கிலோ இருப்பவர் ஆறு மாதத்தில் 4 கிலோ. அதற்கே பி.பி.யும் சுகரும் நன்றாக இறங்கும்.

எதனால் அழுத்தம் என்று கேளுங்கள்

அந்தக் கடைசிக் கட்டம். வேலைக்கு வெளியே அதிகம் வாட்டுவது எது என்ற கேள்விக்கு, பாதிக்கு மேல் டிக் விழுந்தது கடன் என்ற கட்டத்தில். வாரக் குழுக் கடன், நகைக் கடன், மீட்டர் வட்டி. செவ்வாய்க்கிழமை தவணை கட்ட வேண்டியவனுக்குத் திங்கள் ராத்திரித் தூக்கம் வராது, அவனைச் சனிக்கிழமை கண்ணை மூடி உட்காரச் சொன்னால் வட்டி குறையுமா? நாங்கள் செய்தது சின்ன விஷயம்தான். சம்பள அட்வான்ஸுக்கு ஒரு விதி எழுதினோம்: மாதத்தில் ஒரு முறை, இவ்வளவு தொகை வரை, காரணம் கேட்காமல், மூன்று தவணையில் பிடித்தம். முன்பு முதலாளி மூடு பார்த்துக் கேட்க வேண்டும். இந்த ஒரு விதிக்குக் கிடைத்த நன்றி மீதி எதற்கும் கிடைக்கவில்லை.

வேலையால் வரும் அழுத்தத்துக்கு, யார் யாருக்கு உத்தரவு போடலாம் என்பதை எழுதி வைத்தோம். ஒரே ஆளுக்கு மூன்று பேர் மூன்று வேலை சொல்வது நின்றதே பெரிய நிம்மதி. மூச்சுப் பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலு எண்ணி உள்ளே இழுத்து ஆறு எண்ணி மெதுவாக வெளியே விடுவது, ஐந்து நிமிஷம், ஷிஃப்ட் தொடங்கியதும் கம்பெனி நேரத்திலேயே. சாயங்காலம் வைத்தால் எங்கள் கதிதான். இதற்கு மேல் கஷ்டப்படுகிறவர்கள் இருப்பார்கள், தூக்கமே வராதவர், அழுகிறவர், குடி கூடிப்போனவர். மனநல ஆலோசனைக்கான அரசு உதவி எண், டெலி மானஸ் 14416ஐக் கேன்டீன் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசில்லை. பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு இராசாசி மருத்துவமனையில், மனநலப் பிரிவு இருக்கிறது. போகிறவருக்கு அரை நாள் லீவு கொடுங்கள், எங்கே போனாய் என்று கேட்காதீர்கள்.

நடை, தூக்கம், ராத்திரிப் பரோட்டா

வாரத்துக்கு 150 நிமிஷ நடை என்பது பொதுக் கணக்கு. லோடு ஏற்றுகிறவருக்கு அதைச் சொல்லாதீர்கள், அடிக்க வருவார், அவருக்கு வேண்டியது முதுகுக்கு ஓய்வு. ஆபீஸில் நாற்காலியை விட்டு எழாதவர்களுக்குத்தான் நடை. தெப்பக்குளத்தைச் சுற்றியோ ரேஸ்கோர்ஸ் மைதானத்திலோ யாராவது ஒரு கூட்டாளியோடு. கத்திரி வெயிலில் விடிகாலை தவிர வேறு நேரம் வேண்டாம்.

இது தூங்கா நகரம், ராத்திரி பதினொன்றுக்கு ஓ.டி. முடித்து வெளியே வந்தால் பரோட்டாக் கல் சத்தம்தான் முதலில் காதில் விழும். ஆனால் அதே நேரத்தில் அதே தெருவில் இட்லியும் கிடைக்கிறது, இது எல்லா ஊரிலும் வாய்க்காது. நைட் ஷிஃப்ட்காரர்கள் வயிறு நிறையச் சாப்பிடுவதை ஷிஃப்டுக்கு முன்பே முடித்துவிட்டு, நடுராத்திரி பசித்தால் இரண்டு இட்லியோ கொஞ்சம் தயிர் சாதமோ எடுத்துக்கொள்ளலாம். ஷிஃப்டை வாரத்துக்கு வாரம் மாற்றாமல் கொஞ்ச நாள் நிலையாக ஓட்டினால் தூக்கம் பிடிபடும், இது ஷிஃப்ட் சார்ட் போடுகிறவர் கையில் இருக்கிறது.

எப்போது தொடங்குவது என்று கேட்டால், தீபாவளிக்கு முன்பும் சித்திரைத் திருவிழாவின்போதும் வேண்டாம். எங்களுக்குக் கார்த்திகை வாய்த்தது. மாலை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். 48 நாள் குடி இல்லை, கறி இல்லை, விடியலில் குளியல், வெறுங்காலோடு நடை, சீக்கிரம் படுக்கை. வருஷம் முழுக்க ஒரு நாள்கூட முடியாதவர் அந்த 48 நாளும் முடிக்கிறார். பக்தி முதல் காரணம், சரி. கூடவே, சுற்றி இருக்கிறவர்கள் அவரைச் சாமி என்று கூப்பிடுகிறார்கள், ஒருவரும் வா ஒரு ரவுண்டு என்று இழுப்பதில்லை, முடியும் தேதியும் தெரியும். மாலை போடாதவர்களுக்கும் அதே மாதிரி ஆறு ஏழு வாரம், நாலைந்து பேர் கொண்ட குழு என்று வைத்தோம். குழுவில் விதி ஒன்றே ஒன்றுதான்: சீனி குறைக்கிறவர் டீயில் யாரும் சீனி போடக் கூடாது, விளையாட்டுக்குக்கூட.

ஆறு மாதம் கழித்து அதே தாளை, அதே கட்டங்களோடு, திரும்பக் கொடுங்கள். எங்களுக்கு நாலு மணிக் கட்டத்தில் டிக் நன்றாகக் குறைந்திருந்தது, மாதக் கடைசியில் குறையவே இல்லை. முதலாளி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மொத்தம் எத்தனை கிலோ குறைஞ்சிருக்கு?" என்றார். தெரியாது சார், யாரிடமும் கேட்கவில்லை என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அக்கவுண்ட்ஸ் அக்கா அப்போது கேன்டீனில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அதை முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்து மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.யைக் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பெரிய பார்ட்டி யாராவது பாக்கியைத் தீர்த்த வாரமாகப் பார்த்துக் கேட்கலாம் என்று இருக்கிறேன்.